வலப்பக்கம் விழாத பூ

தை 20, திங்கள்

பனி. எதிர் வீடு தெரியவில்லை. ஜூஜுவாடி ரோட்டில் லாரி சத்தம் மட்டும்.

போனில் மைக் படத்தை அழுத்திப் பேசினால் எழுத்தாக விழுகிறது. மகள் சொல்லிக் கொடுத்தது. விழுவதைப் படிக்க எனக்குத் தெரியாது. கைநாட்டு. யாருக்கும் காட்டப் போவதில்லை. சொல்லி வைத்தால் நெஞ்சு கொஞ்சம் லேசு.

இன்றைய வேலை: பி.பி. மாத்திரை. கேஸ் புக் பண்ணச் சொல்ல வேண்டும். கஸ்தூரிக்குப் பதில்.

கஸ்தூரி என் ஒரே பிள்ளை. கர்ப்பப்பையில் கட்டி. ரத்தம் நிற்கவே இல்லை, முகம் சுண்ணாம்பு மாதிரி. வெள்ளிக்கிழமை ஆபரேஷன், தள்ளிப் போடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவள்தான் இன்னும் சரி சொல்லவில்லை.

"நீ ஊர்க் கோயில்ல பூ கேட்டுட்டு வாப்பா. நீ சொன்னாதான் படுப்பேன்."

நேற்று அவள் வீட்டில் இதைச் சொன்னபோது மருமகன் பக்கத்தில் நின்றார். "மாமா, அப்படியே சாமிகிட்ட டாக்டர் நம்பர் இருக்குதான்னும் கேட்டுட்டு வாங்க." கிண்டல்தான். கண் சிவந்திருந்தது.

தை 21, செவ்வாய்

கெலமங்கலம் பஸ். ஜன்னல் சீட். அங்கிருந்து ஊருக்கு நடை. ஈஸ்வரன் கோயிலில் கூட்டம் இல்லை.

எங்கள் பக்கம் எந்தப் பெரிய காரியமானாலும் பூ கேட்காமல் செய்வதில்லை. ஈரச் செவந்தியைப் பூசாரி சாமி மேல் இரண்டு பக்கமும் ஒட்டி வைப்பார். மனசுக்குள் கேட்டுவிட்டு உட்கார வேண்டும். வலப்பக்கம் விழுந்தால் செய். இடப்பக்கம் விழுந்தால் செய்யாதே.

நான் இதுவரை கேட்டவை, ஒன்றும் மறக்கவில்லை:

போர்வெல் போடலாமா. வலம். ஐந்நூறு அடி. புகைதான் வந்தது.

கஸ்தூரிக்கு இந்த மாப்பிள்ளை. வலம். தங்கமானவர்.

என் வீட்டுக்காரி முனியம்மாவுக்கு ஆபரேஷன். இடம்.

இன்று உட்கார்ந்திருந்தபோது முதுகு கூசியது. கோயிலில் எப்போதும் அப்படித்தான். சின்ன வயதில் எங்கப்பன் கொட்டாய்க்குள் நுழைகிற சத்தம் கேட்டால் இதே இடம் கூசும். அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. கையைத் தூக்கினால் நான் குனிந்துவிடுவேன், அது சொறியத் தூக்கிய கையாக இருந்தாலும்.

ஒரு மணி நேரம். பூ விழுந்தது.

பூசாரி கன்னடக்காரர். "எடக்கெ பந்த்து, அஜ்ஜா" என்றார், இடது பக்கம் வந்துவிட்டது என்று. என் முகத்தைப் பார்த்துவிட்டு, தமிழில், "இன்னொரு தபா கேக்கறீங்களா?"

"வேணாங்க."

பஸ்ஸில் கஸ்தூரி மூன்று தடவை போன் பண்ணினாள். எடுக்கவில்லை.

தை 22, புதன்

பனி கம்மி.

முனியம்மா. பதினெட்டு வருடம் ஆகிறது. அவளுக்கும் வயிற்றில்தான். அன்றைக்கும் டாக்டர் நாள் குறித்தார், நான் பூ கேட்டேன், இடது. வீட்டுக்கு வந்து "வேணாம்" என்றேன். பச்சைச் சேலை, கரை பிய்ந்தது. ராகிக் களி கிளறிக்கொண்டிருந்தாள். துடுப்பை நிறுத்தாமல் சொன்னாள்: "சாமியே சொல்லிட்டா செரி." நாற்பத்தொரு நாள்தான் இருந்தாள்.

இதையே கஸ்தூரியிடமும் சொல்ல வேண்டுமா.

சாயங்காலம் வாசலில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டுச் செல்வம் ஷிப்ட் முடிந்து வந்தான். திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், இங்கே கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறான். அவன் மகள் மீனாவுக்கு ஐந்து வயது. அவன் பையைக் கீழே வைக்குமுன் ஓடி வந்தாள். முட்டாய் கேட்டாள். பல் வலி இருக்கு, கிடையாது என்றான். அழுகை. அவன் கையைத் தூக்கினான். எனக்கு முதுகு கூசியது.

குழந்தை குனியவில்லை. அழுதுகொண்டே அந்தக் கைக்குக் கீழே தலையைக் கொண்டுபோய் வைத்தாள். அவன் தடவிக் கொடுத்தான். அவ்வளவுதான். எழுபத்தாறு வருடத்தில் நான் எத்தனையோ பார்த்தாயிற்று. இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

"என்ன தாத்தா, மொகம் தொங்கிக் கெடக்கு?"

சொன்னேன். கஸ்தூரி, ஆபரேஷன், பூ, எல்லாம்.

அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஈஸ்வரன் ஒங்களுக்கு யாரு தாத்தா?" என்றான்.

"அப்பன்னுதான் சொல்றாங்க."

"எம்மவ எங்கிட்ட ஒண்ணு கேக்கணும்னா சீட்டு குலுக்கிப் போட்டா கேக்கா? நேரா வந்து காலக் கட்டிக்கிடுதா. இல்லன்னு சொன்னாலும் அதே காலக் கட்டிக்கிட்டுதான் அழுவுதா. பாத்தீங்கள்லா?"

கோபம் வந்தது. "நேத்து வந்தவன் எங்க ஊரு சாமியப் பத்திப் பேசாத" என்று எழுந்து உள்ளே போய்விட்டேன். கதவையும் சாத்தினேன்.

தை 23, வியாழன்

வெயில். காபியில் சர்க்கரை போட மறந்தேன்.

செல்வத்தின் மேல் இருந்த கோபம் பல் விளக்கும்போதே போய்விட்டது. அவன் சொன்ன பேச்சு போகவில்லை.

யோசித்துப் பார்த்தால், நான் சாமியிடம் எதையுமே கேட்டதில்லை. பூவிடம்தான் கேட்டிருக்கிறேன். கம்பெனி வேலையில் இருந்தபோது சூப்பர்வைசர் ரூம் வாசலில் நின்ற மாதிரி நின்று, பதில் வந்ததும் ஓடி வந்திருக்கிறேன். சாமி முகத்தைப் பார்த்தேனா?

முனியம்மாவை அவர் கொண்டுபோனார் என்று இத்தனை வருடம் பயந்து கிடந்தேன். வேண்டாம் என்று அவரா சொன்னார்? என் வாய்தான் சொன்னது. அன்றைக்கு அவரும் என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதிருப்பார் என்று இன்றைக்குத் தோன்றுகிறது.

கேட்காமலே கொடுத்தவை: முனியம்மா. கஸ்தூரி. கம்பெனியில் ஸ்கிராப் ஏற்றும்போது லாரி ரிவர்ஸில் வந்த அன்று யாரோ என் சட்டையைப் பிடித்து இழுத்தது, திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. இந்த ஞாபக சக்தி. காலையில் பனி, அது விலகினால் மலை. எழுபத்தாறு வருடமாகத் தினமும் சோறு. எவ்வளவு பெரிய மனசு. ஒன்றையும் சொல்லிக் காட்டியதில்லை.

மத்தியானம் மகள் வீடு. படுத்திருந்தாள்.

"பூ என்னாச்சுப்பா?"

பொய் சொல்ல நினைத்தேன். வரவில்லை. "இடது."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். பிறகு, "அம்மாவுக்கும் இடதுதானே?"

"ஆமா."

"அப்ப வேணாம்னு வந்து சொன்ன. இப்ப?"

"இப்ப செஞ்சுக்கோன்னு சொல்றேன்."

"சாமி கோவிச்சுக்காதாப்பா?"

"கோவிச்சுக்க மாட்டாரு. எனக்கு அவரத் தெரியும்."

சொன்ன பிறகுதான் சொன்னது எனக்கே கேட்டது. மருமகன் அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தார். கிண்டல் பண்ணவில்லை. எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

தை 24, வெள்ளி

ஆஸ்பத்திரி. பினாயில் வாசனை. ஏழு நாற்காலி, ஒன்றுக்குக் கால் இல்லை.

கஸ்தூரியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவுகிட்ட "அப்பா" என்றாள். நான் "என்னம்மா" என்றேன். ஒன்றும் கேட்கவில்லை. சும்மா கூப்பிட்டிருக்கிறாள். கதவு மூடியது.

மருமகன் நடந்துகொண்டே இருந்தார். நான் அந்த "என்னம்மா"வையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் என்ன கேட்பாள், கொடுக்க என்னிடம் இருக்கிறதா என்று எதுவும் நான் யோசிக்கவில்லை. கூப்பிட்டாள், திரும்பிவிட்டேன். படிக்காத கிழவன் எனக்கே இப்படி என்றால், சாமிக்கு?

துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, சத்தம் வராமல், "அப்பா" என்று சொல்லிப் பார்த்தேன். சாமியை அப்படிக் கூப்பிட்டதில்லை. என் நாக்குக்கு அது பயந்த வார்த்தை. இரண்டாம் தடவை கொஞ்சம் சுலபம். எம்புள்ள உள்ள இருக்குதுப்பா, என்றேன். வேறு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. முதுகு கூசவில்லை.

மூன்று மணி நேரம். நர்ஸ் வந்து, "கஸ்தூரி அப்பா யாரு? நல்லபடியா முடிஞ்சுது, போய் டீ சாப்புடுங்க" என்றது. மருமகன் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். இரண்டு டீ. பன்.

தை 25, சனி

கஸ்தூரி கஞ்சி குடித்தாள். உப்பு இல்லை என்று சண்டை. நல்ல குறி.

செல்வத்திடம் போய், அன்றைக்குக் கோபப்பட்டது தப்பு என்றேன். "அட போங்க தாத்தா, நான் பாட்டுக்கு ஒளறிட்டேன்" என்றான். மீனாவுக்கு ஆரஞ்சு. முட்டாய் வாங்கவில்லை.

தை 27, திங்கள்

மறுபடி பனி. கெலமங்கலம் பஸ். கோயிலில் நானும் பூசாரியும்தான்.

செவந்தியைத் தண்ணீரில் நனைத்தபடி, "ஹூவா, அஜ்ஜா?" என்றார். பூ கேட்கவா என்கிறார்.

"இல்லீங்க. சும்மா பாத்துட்டுப் போலாம்னு."