மாமாவின் அரை மாத்திரை யோசனை

ஆமத்தூர்
2.3.2025

பாசமுள்ள மருமகள் சினேகாவுக்கு, உன் தாய்மாமன் இருளாண்டி எழுதுவது.

போனில் பேசினால் “சரி மாமா, சரி மாமா” என்று வைத்துவிடுகிறாய். கடுதாசியை அப்படி வைக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். ஏழாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் என் கையெழுத்தைப் பார்த்து எங்கள் பட்டாசுக் கம்பெனி மேனேஜரே அசந்து போவார். நான் தலையாட்டாமல் இங்கே ஒரு லோடு நகராது, தெரியுமல்லவா?

மனசுக்குச் சாப்பிடுகிற மாத்திரையால் நீ பெருத்துக்கொண்டே போகிறாய் என்று உன் அம்மா பொன்மணி அக்கா வருத்தப்பட்டாள். இதெல்லாம் ஒரு விஷயமா? மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடு. பாதி மாத்திரைக்குப் பாதிச் சதைதான் போடும். இந்தக் கணக்கு எந்த டாக்டருக்கும் தோன்றாது.

இத்துடன் சாத்தூர் சேவு இரண்டு கிலோ, அதிரசம் ஒரு டப்பா. தாய்மாமன் சீர் என்றால் சும்மாவா? நம் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு வா. உனக்காகவே ஒரு கிடா வளர்க்கிறேன். அது கன்றுக்குட்டி உயரம்.

உன் மாமா,
இருளாண்டி

கோயம்புத்தூர்
9.3.2025

அன்புள்ள மாமாவுக்கு,

போனில் சொன்னால் நடுவில் நீங்கள் பேச ஆரம்பித்துவிடுவீர்கள். அதனால் நானும் எழுதுகிறேன்.

பார்சல் வந்து மூன்றே நாளில் சேவு முழுவதும் தீர்ந்தது. ஒருத்தியாகத் தின்றேன். ருசிக்காக இல்லை, மாமா. சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காய்வதற்குள் மறுபடி வயிறு கூப்பிடுகிறது. டப்பாவைத் துடைத்து வைத்துவிட்டு அழுதேன்.

மாத்திரையை உடைக்க மாட்டேன். போன ஆடியில் எடைக்குப் பயந்து நானாகத்தான் நிறுத்தினேன். தூக்கம் போனது. ஊருக்கு வந்திருந்தபோது, யாரோ துரத்துகிறார்கள் என்று சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் கடைக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். தேடி வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனது நீங்கள்தான். இந்த உடம்பு எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அந்த நாட்களுக்குத் திரும்பிப் போக மாட்டேன்.

இனிமேல் பலகாரம் அனுப்பாதீர்கள். பொங்கலுக்கு வந்தால் ஆளாளுக்கு ஊட்டுவார்கள், அவர்களே குண்டாகிவிட்டாய் என்றும் சொல்வார்கள். நான் வரவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அன்புடன்,
சினேகா

ஆமத்தூர்
16.3.2025

அன்பு மருமகளுக்கு,

கோபமெல்லாம் இல்லை. இரண்டு வேளை சாப்பிடவில்லை, அவ்வளவுதான். (உன் அத்தை இதை மறுப்பாள். நம்பாதே.)

சாத்தூர் பற்றி எழுதியிருந்தாய். வாயைத் திறந்தால் கதைதான் என்று ஊரே என்னைச் சொல்லும். அந்த நாளைப் பற்றி மட்டும் இதுவரை யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

விருதுநகரில் ஒரு டாக்டரம்மாவிடம் டோக்கன் போட்டுப் போனேன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அரை மாத்திரைக் கணக்கைச் சொன்னேன். மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

“அந்தப் பசி ஆசையில வர்றது இல்லைங்க, மாத்திரை கிளப்பிவிடுறது. கூட்டுறதும் குறைக்கிறதும் அவுக டாக்டர் பாத்துக்கிடுவாக. பலகாரத்தைப் பிள்ளை கண்ணுல காட்டாம இருக்கீகளா? அது போதும்.”

ஆகவே அரை மாத்திரைப் பேச்சை நான் பேசவே இல்லை. அந்தக் கடுதாசியைக் கிழித்துப் போடு. கையெழுத்து அழகாக இருக்கிறதே என்று யோசிக்காதே.

ஆனால் பொங்கலுக்கு வா. வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இருளாண்டி மாமா

கோயம்புத்தூர்
23.3.2025

அன்புள்ள மாமா,

வருகிறேன். என் டாக்டர் ஒவ்வொரு தடவையும் எடையும் சர்க்கரையும் பார்க்கிறார். இப்படியே ஏறினால் மெதுவாக வேறு மாத்திரைக்கு மாற்றலாம் என்கிறார். அறைத்தோழி ஆர்த்தியோடு தினமும் நடக்கிறேன். தட்டில் முதலில் காய், பிறகுதான் சோறு. போன மாதம் இரண்டு கிலோ குறைந்தது, இந்த மாதம் ஒன்று ஏறியது. விடப்போவதில்லை.

எனக்குத் தனியாகச் சமைக்க வேண்டாம். பொரியல் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் போதும்.

சினேகா

ஆமத்தூர்
20.4.2025

என் வீராதி வீர மருமகளுக்கு,

விருந்தன்று நீ அடுப்படியில் இருந்தாய். வாசலில் நடந்தது உனக்குத் தெரியாது. எங்கள் கம்பெனி கேட்டில் தீப்பெட்டி, பீடி, செல்போன் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டுதான் ஆளை உள்ளே விடுவார்கள். நானும் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பதினெட்டுப் பட்டிப் பலகாரமும் என் காலடியில் குவிந்தது. உன் பெரியம்மா பஞ்சம்மாள்தான் மல்லுக்கு நின்றாள்.

“ஏலே, கூடப் பொறந்தவ பையையே சோதனை போடுறியா? பிள்ளைக்கு அல்வாலே!”

“இங்கனயே இருக்கட்டும்க்கா. போகும்போது எடுத்துக்கோ. எனக்குச் சர்க்கரை வந்துருச்சு. ஐநூறு! இனிப்பைக் கண்ணால பாத்தாலே மயக்கம் வருது.”

“போன வாரம் எங்க வீட்ல நாலு லட்டு தின்னியே?”

“அதுலதான் வந்துச்சு.”

இப்படி உனக்காக ஒரு கோட்டையே கட்டி வைத்திருந்தேன். பந்தியில் அவள் உன்னைப் பார்த்து, “என்னத்தா இம்புட்டுப் பெருத்துட்டே?” என்றதும் அடுத்த கதையைச் சொல்ல வாயைத் திறந்தேன். நீ முந்திக்கொண்டாய்.

“மாத்திரையால வந்த எடை பெரியம்மா. கொஞ்சங் கொஞ்சமாக் குறைச்சுக்கிட்டு வாரேன். மாத்திரையை விடமாட்டேன்.”

 உடனே பஞ்சம்மாள், “சரித்தா, அவரைக்காயை நல்லா வச்சுக்கோ” என்று உன் இலைப் பக்கம் பாத்திரத்தைத் தள்ளினாளே, அதைப் பார்த்ததும் எனக்குத் தண்ணீர் குடிக்க வேண்டியதாகிவிட்டது.

என் பாடுதான் மோசம். சர்க்கரை ஐநூறு என்ற செய்தி அச்சங்குளம் வரை போய்விட்டது. டீக்கடையில் என் கிளாஸுக்குச் சீனி கிடையாது. கோயிலில் சர்க்கரைப் பொங்கலுக்குக் கை நீட்டினால் பூசாரி திருநீறு வைக்கிறார். பொய் சொன்னேன் என்று சத்தியம் செய்கிறேன், அதைத்தான் பொய் என்கிறார்கள்.

இருக்கட்டும். சீனியில்லாத டீ கசக்கத்தான் செய்கிறது, குடித்துவிடுகிறேன். ராத்திரி மாத்திரை போடும்போது நினைத்துக்கொள்: இங்கே உன் மாமனும் முகத்தைச் சுளித்துக்கொண்டு அதே டீ ஒரு கிளாஸை முடித்துவிட்டுத்தான் படுக்கிறான்.

இருளாண்டி