தலைக்கு ஊற்றிய தண்ணீர்

12 ஜூன் 1933, திங்கள். தென்காசி.

வெள்ளைக்கார மிஸ்ஸியம்மாவுக்குக் காட்டுகிற மிஷன் டயரியில் இன்று எழுதியது: ஏழு வீடு சந்தித்தேன், பெண்கள் ஆவலாய்க் கேட்டார்கள். ஏழு வீடு போனது நிஜம். ஆவலாவது ஒன்றாவது. ஒரு வீட்டில் நெல் அவித்துக்கொண்டிருந்தார்கள், இன்னொரு வீட்டில் மாமியார் மருமகள் சண்டை. வேதக்கதையை அடுப்புக்குச் சொல்லிவிட்டு வந்தேன். அதனால்தான் இந்த இரண்டாவது நோட்டு. இதை யாருக்கும் காட்டப்போவதில்லை.

சாரல் ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்குள் இருப்புக் கொள்ளவில்லை. மகள் போய் ஏழு மாதம். மலைக்காய்ச்சல், ஐந்தே நாள். ஒன்பது வயது. அவள் அப்பா போனபோதுகூட என்னால் ஜெபிக்க முடிந்தது. இப்போது வாய் மட்டும் ஜெபிக்கிறது. இந்த லட்சணத்தில் ஊருக்கெல்லாம் ஆறுதல் சொல்லப் போகிறேன்.

வண்டிக்கார நல்லக்கண்ணு வீட்டில் மட்டும் மனசு கொஞ்சம் ஆறியது. அவன் பெண்சாதி இராமலட்சுமி என்னிடம் எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றுக்கொள்கிறாள். மாசம் நிறைந்துவிட்டது. முதல் இரண்டு பிள்ளைகளும் பிறந்த வாரத்திலேயே தவறிப்போனதால், இந்தத் தடவை மிஷன் ஆஸ்பத்திரிதான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். இன்று திடீரென்று, உங்கள் கோயிலில் சேர என்ன செய்வார்கள் என்று கேட்டாள். தலையில் மூன்று தரம் தண்ணீர் ஊற்றுவார்கள் என்றேன். அம்புட்டுதானா என்று சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன்.

16 ஜூன்

ஜெபிக்கவில்லை. ரவிக்கை ஒன்று தைத்தேன். பிரித்தேன். மறுபடியும் தைத்தேன்.

19 ஜூன், திங்கள்

இராமலட்சுமிக்குப் பெண் குழந்தை. நல்ல குரல். நல்லக்கண்ணு ஆஸ்பத்திரி வாசலில் நின்று, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சீனி கொடுத்தான். எனக்கு இரண்டு தரம் கொடுத்தான்.

26 ஜூன்

நல்லக்கண்ணு சனிக்கிழமையே புனலூருக்குப் பாரம் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான். ஆரியங்காவில் மண் சரிந்து பாதை அடைபட்டதாகச் சொல்கிறார்கள். இங்கே இவளுக்குக் காய்ச்சல் கண்டிருக்கிறது. நர்ஸ் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

27 ஜூன், செவ்வாய்

மத்தியானம். நர்ஸ் வெளியே போயிருந்தாள். இராமலட்சுமியின் உடம்பு கொதித்தது. கண்ணைத் திறந்து என் கையைப் பிடித்தாள். “யக்கா, தலைக்கு ஊத்துங்கக்கா” என்றாள். இரண்டு தரம் சொன்னாள்.

கெட்டிலில் இளஞ்சூடாய்த் தண்ணீர் இருந்தது. பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் மூன்று கை அள்ளித் தலையில் ஊற்றினேன். சாகும் தறுவாயில் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது எங்கள் சபை வழக்கம். அவள் முகம் தெளிந்தது, தூங்கிவிட்டாள். ஓடிப்போய் மிஸ்ஸியம்மாவிடம் சொன்னேன். சந்தோஷமா? சந்தோஷம்தான். ஏழு மாதத்தில் முதல் தடவை.

28 ஜூன்

விடிந்து கொஞ்ச நேரத்தில் போய்விட்டாள்.

மாமியார் உலகம்மாள் பாடை கட்ட ஆள்களோடு வந்தாள். ஞானஸ்நானம் ஆகிவிட்டது என்று மிஸ்ஸியம்மா சொன்னதும் அப்படியே நின்றுவிட்டாள். வேதத்துக்குப் போனவளை எங்கள் சுடுகாட்டுக்கு எடுக்க முடியாது, நீங்களே புதைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, குழந்தையை மட்டும் வாங்கிக்கொண்டு போனாள். கேட் தாண்டிய பிறகு மார்பில் அடித்துக்கொண்டு அழுதது கேட்டது. மழையில் எங்கள் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் பண்ணினோம். அவள் ஆள் என்று ஒருவர் இல்லை.

2 ஜூலை, ஞாயிறு

ஆராதனையில் எங்கள் சபைக் குரு ஐயர் என் பேரைச் சொல்லி ஸ்தோத்திரம் பண்ணினார். மிஸ்ஸியம்மா என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். சீமைக்குக் கடிதம் போயிருக்கிறதாம்.

என் மகளை எடுத்துக்கொண்டீர், எனக்கு ஒரு ஆத்துமாவைக் கொடுத்தீர், சரிக்குச் சரி என்று ஆண்டவரிடம் சொன்னேன். இப்படியும் ஒரு ஜெபம்.

4 ஜூலை

நல்லக்கண்ணு வந்துவிட்டான். கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே நெடுநேரம் நின்றிருக்கிறான். உள்ளே போகலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றானாம்.

5 ஜூலை

என் வீட்டுக்கு வந்தான். சத்தம் போடுவான் என்று நினைத்திருந்தேன். போட்டிருந்தால் நன்றாயிருக்கும். நானும் நாலு வார்த்தை பதில் சொல்லியிருப்பேன்.

“வேதத்துல சேந்தா சேந்துட்டுப் போறா. நா ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன். ஆனா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமலா இருந்தா? நெசமாவே அவளாக் கேட்டாளா டீச்சரம்மா?”

அவளாகத்தான் கேட்டாள் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டான். மாமியார் பதினாறாம் நாள் காரியமும் கிடையாது என்று சொல்லிவிட்டாளாம்.

பொய் சொல்லவில்லையே. கேட்டாளே. இரண்டு தரம் கேட்டாளே.

7 ஜூலை

19-லிருந்து எண்ணினேன். 27 ஒன்பதாம் நாள்.

8 ஜூலை

எழுதித் தொலைக்கிறேன். பிள்ளை பெற்றவளுக்கு ஒன்பதாம் நாள் தலைக்கு ஊற்றுவது இந்தப் பக்கத்தில் பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கும்தான் என் அம்மா ஊற்றினாள், வெந்நீரில் நொச்சி இலை போட்டு. அந்தக் குளிப்புக்காக நான் எப்படித் தவித்தேன். உடம்பெல்லாம் கசகசத்துக் கிடந்தவள், காய்ச்சலில் நாள் தப்பாமல் எண்ணிக் கேட்டிருக்கிறாள், குளிப்பாட்டிவிடுங்கள் என்று.

காது சரியாகத்தான் கேட்டது. மனசுதான் அதற்கு வேறு அர்த்தம் வைத்தது. அந்த நிமிஷமே எனக்குத் தெரியுமா? தெரியும் என்றும் சொல்ல முடியவில்லை, தெரியாது என்றும் சொல்ல முடியவில்லை. எனக்கு ஒரு ஆத்துமா தேவைப்பட்டது. அவ்வளவுதான்.

ஒருவேளை ஞானஸ்நானத்தைத்தான் கேட்டாளோ? முன்னே விசாரித்தாளே. சிரித்தாளே. ஐயோ, அதையே எத்தனை தரம் புரட்டுவேன்.

9 ஜூலை, ஞாயிறு

நற்கருணை அப்பம் வாங்க எழுந்து போகவில்லை. தலைவலி என்று சொன்னேன்.

10 ஜூலை

சொன்னால் வேலை போகும். மிஷனுக்கு ஊரில் கெட்ட பேர். அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்வேன். சரிக்குச் சரி என்று பெற்ற அந்த ஒன்றும் கையில் இருக்காதே. அப்புறம் என் மகள் எதற்காகப் போனாள்?

பதினாறாம் நாள் வியாழக்கிழமை. சொல்லாவிட்டால் அவளுக்கு எள்ளும் தண்ணீரும் கிடையாது. நல்லக்கண்ணுவுக்கோ, பெண்டாட்டி தன்னிடம் மறைத்துப் போனாள் என்ற எண்ணம் ஆயுசுக்கும் போகாது.

11 ஜூலை, செவ்வாய்

குற்றாலத்துக்கு நடந்தே போனேன். சீசன் கூட்டம். எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்கிறவர்கள், ஈரத்துணியோடு ஓடுகிறவர்கள். வண்டிப்பேட்டையில் நல்லக்கண்ணு மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தான். சவாரி கேட்டு வந்தவர்களிடம் வண்டி வராது என்றான்.

சாரலில் நின்றபடியே சொன்னேன். ஒன்பதாம் நாள் என்று சொன்னேன். அவள் சொன்ன வார்த்தையை அவள் சொன்ன மாதிரியே சொன்னேன். “குளிக்கத்தான் கேட்டிருப்பா தம்பி. நாந்தான் எனக்கு வேண்டிய மாதிரி எடுத்துக்கிட்டேன். அன்னைக்கு உங்கிட்டயும் மறைச்சுட்டேன்.”

வைக்கோலைக் கீழே வைத்தான். அடிப்பான் என்றே நினைத்தேன்.

“வெந்நியா, பச்சத் தண்ணியா?” என்று கேட்டான்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. இளஞ்சூடு என்றேன்.

“அப்போ ஊத்தியிருக்கியல்லா. அவ கேட்டது கெடச்சுட்டுல்லா. நா ஊருல இல்ல, எங்காத்தா பக்கத்துல இல்ல. நீங்களாவது ஊத்துனியளே.” முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். “எங்கிட்ட மறைக்கல அவ.”

நான் செய்த குற்றத்துக்கு நன்றி சொல்லிவிட்டான். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். தென்காசி வந்து சேரும்வரை அழுதேன், மழைக்கு நன்றி.

12 ஜூலை

ஐயரிடமும் மிஸ்ஸியம்மாவிடமும் சொன்னேன். மிஸ்ஸியம்மா அழுதாள். சீமைக்குப் போன கடிதம் அதற்குள் கப்பலில் இருக்கும். வேலை போய்விட்டது. விசாரணை முடியும்வரை நற்கருணையும் இல்லை. ஐயர் கோபப்படவில்லை. ஊற்றிய தண்ணீரை அள்ள முடியாது பாக்கியத்தாய், அவள் யாருடையவள் என்று தீர்க்கிற அதிகாரம் எனக்கும் இல்லை, உனக்கும் இல்லை என்று மட்டும் சொன்னார். பிறகு உலகம்மாள் வீட்டுக்குத் தாமே போய் நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தார்.

13 ஜூலை

பதினாறாம் நாள் காரியம் நடந்தது. உலகம்மாள் முன்னால் நின்று நடத்தினாளாம்.

16 ஜூலை, ஞாயிறு

கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. பாவ அறிக்கை சொல்லும்போது எல்லாரோடும் சேர்ந்து வாயைத் திறந்தேன். எத்தனை ஆயிரம் தரம் சொன்ன வார்த்தைகள், எத்தனை பெண்களுக்கு மனப்பாடம் பண்ணிக்கொடுத்தவை. இன்றைக்குத்தான் அது என்னைப் பற்றியது என்று உறைத்தது. பாதியில் நின்றுவிட்டேன்.

என் மூன்று கைத்தண்ணீரில்தான் இரட்சிப்பு என்று இருந்தேனே. அப்படியானால் இராமலட்சுமியும் தொலைந்தாள், நானும் தொலைந்தேன். கெட்டிக்காரிகளுக்கு இரட்சகர் எதற்கு? என்னை மாதிரிக் கள்ளிகளுக்குத்தானே.

சரிக்குச் சரி கேட்டதற்காக அழுதேன். அப்புறம் மகளுக்காகவே அழுதேன், ஒரு காரணமும் கேட்காமல். எல்லாரும் எழுந்து போன பிறகும் இருந்தேன். யாரோ பிடித்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. மாதிரி என்ன, பிடித்துக்கொண்டுதான் இருந்தார்.

5 ஆகஸ்ட்

தையல் இரண்டு வீட்டிலிருந்து வந்திருக்கிறது. மழை.

20 ஆகஸ்ட்

தவிப்பு போய்விட்டது என்று எழுதினால் பொய். நேற்றுக்கூட மகளுடைய பாவாடையை எடுத்து வைத்துக்கொண்டு, ஏன் என்று கேட்டேன். பதில் இல்லை. ஆனால் இப்போது கேட்பதற்கு ஆள் இருக்கிறார். நவம்பரில் இருந்து சுவரிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

3 செப்டம்பர், ஞாயிறு

ஆராதனை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். இராமலட்சுமி மண்ணுக்குப் பக்கத்தில் நல்லக்கண்ணு உட்கார்ந்து புல் பிடுங்கிக்கொண்டிருந்தான். இப்போதெல்லாம் மதிலுக்கு வெளியே நிற்பதில்லை. குழந்தை நன்றாயிருக்கிறதாம், ஆட்டுப்பால் ஒத்துக்கொள்கிறதாம்.

ஒன்று கேட்கவேண்டும் என்றான்.

“நீங்க சொல்லுத கதைய எல்லாம் அவ வீட்டுல எனக்குச் சொல்லுவா. கடைசிக் கதை பாதியில நிக்கி. மூணு பொம்பளைய ஒங்க ஆண்டவரு கல்லறைக்குப் போவுதாளுவ. வாசல்ல பெரிய கல்லு. அத யாரு பொரட்டுவான்னு கவலைப்பட்டுக்கிட்டே போவுதாளுவ. மிச்சத்த நாளைக்குச் சொல்லுதேன்னா. மறுநா வலி வந்துட்டு.”

இதை நான் எந்த டயரியிலும் காட்டவேண்டியதில்லை. எனக்கு வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை. என்ன சொன்னால் இவன் சேருவான் என்ற நினைப்புகூட வரவில்லை.

அந்த மூன்று பேருக்கும் பேர் உண்டா என்று கேட்டான். உண்டு, இரண்டு பேருக்கு மரியாள் என்று பேர் என்றேன். மூன்றாவது பேருக்கு வாய் வரவில்லை. என் மகள் பிறந்தபோது நானும் அவள் அப்பாவும் வேதத்தைத் திறந்து அந்தப் பெண்ணின் பேரைத்தான் வைத்தோம். அவளை அடக்கம் பண்ணின நாளிலிருந்து நான் அதைச் சொன்னதில்லை.

“சலோமே” என்றேன்.

நல்ல பேரு என்றான். பிறகு, கல்லை யார் புரட்டினது என்று கேட்டான்.

“போய்ப் பாத்தா கல்லு ஏற்கெனவே பொரண்டு கெடக்கு தம்பி. அவளுவ பொரட்ட வேண்டியிருக்கல. உள்ள ஆளு இல்ல.”

அவன் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என்னைப் பார்த்து, “அப்புறம்?” என்றான்.

சொன்னேன்.