தூங்குகிறாள் என்று சொன்னாயே

மாரண்டஹள்ளி,
ஆடி மாதம் ஆறாம் தேதி.

அன்பு மகன் தமிழ்மணிக்கு அம்மா பாஞ்சாலி எழுதிக்கொள்வது. இங்கே நான், அப்பா, மாடு, அது போன மாதம் போட்ட கிடாரிக் கன்று எல்லாரும் மாரியம்மன் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டுத்தான் மேலே எழுத வேண்டும், ஆனால் கேட்டால் நீ 'நல்லாருக்கறம்மா' என்பாய், அந்த வார்த்தையை இப்போது என்னால் நம்ப முடியவில்லை, அதனால் கேட்காமலே எழுதுகிறேன். கையில் போன் இருக்கும்போது இவள் எதற்குப் பேனாவைப் பிடித்தாள் என்று பயந்துவிடாதே. அப்பாவுக்கும் ஒன்றும் இல்லை, எனக்கும் ஒன்றும் இல்லை. போனில் பேசினால் நீ பாதியிலேயே ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிடுவாய், இல்லையென்றால் நான் அழுதுவிடுவேன். பாதியில் வைக்க முடியாமல் நீ முழுசாகக் கேட்க வேண்டிய விஷயம் இது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் பெண்டாட்டி தேவிப்பிரியா இங்கே இருக்கிறாள். பென்னாகரத்தில் அவள் அம்மா வீட்டில் இல்லை, நம் வீட்டில், என்னோடு இருக்கிறாள். ஆனி மாதக் கடைசியில் வந்தாள். போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்து மழை உண்டா, தக்காளி என்ன விலைக்குப் போகிறது, அப்பா மாத்திரை சாப்பிடுகிறாரா என்றெல்லாம் கேட்டாயே, அப்போது அவள் எனக்கு எதிரில் உட்கார்ந்து பீன்ஸுக்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு வலது காது மந்தம், ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவேன் என்று உனக்கே தெரியும். உன்னைச் சோதிக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை சாமி, தான் இங்கே இருப்பதைச் சொல்ல வேண்டாம் என்று அவள் என்னிடம் கேட்டிருந்தாள், நானோ எப்போதும் கேட்கிற வாய் வழக்கத்தில் அவளைப் பேசச் சொல்லு என்று கேட்டுவிட்டேன். நீ கொஞ்சமும் தடுமாறாமல் 'தூங்கறாம்மா, எழுப்பட்டுமா' என்றாய். எழுப்பட்டுமா என்று வேறு கேட்டாய்! வேண்டாம், தூங்கட்டும் என்று சொன்னேன், வேறு என்ன சொல்வேன். அவள் தலை நிமிரவில்லை. உரித்த பீன்ஸையே திரும்பத் திரும்ப எடுத்து உரித்துக்கொண்டிருந்தாள்.

அவள் வந்த அன்றைக்கு நான் பால் ஊற்றிவிட்டுச் சொசைட்டியிலிருந்து வந்துகொண்டிருந்தேன். ஓசூர் பஸ்ஸிலிருந்து ஒரு பெண் பையைத் தூக்க முடியாமல் இறங்கி நின்றாள், யார் வீட்டுப் பெண்ணோ பாவம், நோயில் கிடந்து எழுந்தவள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே பக்கத்தில் போன பிறகுதான் நம் வீட்டுப் பெண் என்று தெரிந்தது. கல்யாணத்தன்று போட்ட வளையல் முழங்கை வரைக்கும் ஏறுகிறது. 'அத்த, கொஞ்ச நாளு உங்ககூட இருக்கட்டுங்களா' என்று கேட்டாள். புருஷனோடு சண்டை என்றால் பெண்கள் பெற்றவள் வீட்டுக்குப் போவார்கள், இவள் எதற்கு மாமியார் வீட்டுக்கு வந்திருக்கிறாள், என் பிள்ளையைப் பற்றிப் பஞ்சாயத்து வைக்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து, உன் பக்கம் பேசுவதற்கு நாலு வார்த்தை தயார் பண்ணிக்கூட வைத்திருந்தேன். அவள் உன்னைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. களி தின்றாள், தூங்கினாள். மறுநாள் நான் பால் கறந்துகொண்டிருக்கும்போது கன்றைப் பிடித்துக்கொண்டு நின்றவள், 'அத்த, நீங்க நெசமாலுமே காய்ச்சலோட களை எடுக்கப் போனீங்களா' என்று கேட்டாள். எதற்குக் கேட்கிறாய் என்றேன். அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக வந்தது.

அவள் டெங்கு வந்து பூனா ஆஸ்பத்திரியில் படுத்திருந்ததை எங்களிடம் ஏன் மறைத்தாய்? பயப்படுவோம் என்றா? இப்போது மட்டும் என்ன, நிம்மதியாகவா இருக்கிறோம்? உன் வேலை நிலைமை எனக்குப் புரியாமல் இல்லை. காண்ட்ராக்ட் வேலை, லீவு கேட்டால் சூப்பர்வைசர் முகத்தைத் திருப்புகிறான், கம்பெனியில் பக்கத்து லைனில் ஆளைக் குறைக்கிறார்கள் என்பதையெல்லாம் அவளே எனக்குச் சொன்னாள், உனக்காகப் பரிந்துதான் சொன்னாள். ஆஸ்பத்திரியில் நீ இருந்த வரைக்கும் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாய் என்றாள். நீ ஷிப்டுக்குப் போன பிறகு பக்கத்து வீட்டு மராட்டிக்காரம்மா கஞ்சி கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள், அந்த மகராசி நன்றாக இருக்கட்டும். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது, சோறாக்க முடியவில்லை என்று சொன்ன பெண்ணிடம் நீ என்ன சொன்னாய்? 'எங்க அம்மா காய்ச்சலோட களை எடுத்துட்டு வந்து சோறாக்கிப் போட்டாங்க' என்று சொன்னாயாம். இது முதல் தடவையும் இல்லையாம். உப்பு கூடினால் எங்க அம்மா, பஸ்ஸில் நிற்க முடியவில்லை என்றால் எங்க அம்மா, கால் வலித்தால் எங்க அம்மா. அந்த அம்மாவை நேரில் பார்த்துக் கேட்டுவிடலாம் என்றுதான் அவள் வந்திருக்கிறாள்.

அதனால் அவளுக்குச் சொன்னதை உனக்கும் சொல்கிறேன், கவனமாகப் படி. அன்றைக்கு எனக்கு உடம்பு அனலாகக் கொதித்தது உண்மை. நம் கேழ்வரகுக் காட்டில் களைக்கு ஆள் விட்டிருந்தோம், அதுவும் உண்மை. ஆனால் நீ பார்க்காதது ஒன்று இருக்கிறது. புறப்படும்போது செருப்பைத் தேடுவதுபோல் வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். செருப்பு என் காலில்தான் இருந்தது. இன்றைக்குப் போகாதே, படுத்துக்கொள் என்று உன் அப்பா ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்றுதான் நின்றேன். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார், திரும்பிப் பார்க்கவில்லை. ஒருவரும் சொல்லவில்லை, அதனால் போனேன். வரப்பில் உட்கார்ந்து வாந்தி எடுத்து, அழுது, வாய்க்கால் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்துதான் உனக்குச் சோறாக்கினேன். இத்தனை வருஷம் நீ அதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லும்போது எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்ததுதான், பொய் சொல்லமாட்டேன். ஆனால் அது தைரியம் இல்லை சாமி, கேட்பதற்கு ஆள் இல்லாமல் போனது. நான் பட்டதை எடுத்து இன்னொருத்தி தலையில் வைக்காதே. இதையெல்லாம் கேட்டுவிட்டு அவள் என்ன சொன்னாள் தெரியுமா, 'நானும் அப்பிடித்தாங்க அத்த நின்னேன்' என்றாள். ஊருக்குப் புறப்பட்ட அன்றைக்குப் பையின் வாரைச் சரி பண்ணுவதுபோல் கதவுப் பக்கம் நின்றாளாம். நீ ஷூ மாட்டிக்கொண்டே 'பாத்துப் போ' என்றாயாம். எந்த ஊருக்கு என்றுகூடக் கேட்கவில்லையாம். வந்து சேர்ந்த பிறகு 'சேர்ந்துட்டேன்' என்று மெசேஜ் போட்டதற்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் ஒரு பொம்மையை அனுப்பியிருக்கிறாய். அதை எனக்குக் காட்டினாள். உன்னைப் பெற்றதற்கு அந்த விரலைப் பார்க்க வேண்டியிருந்தது எனக்கு.

நான் அவளிடம் பேசியதெல்லாம் கொட்டகைக்குப் பின்னால் இருந்த உன் அப்பா காதில் விழுந்திருக்கிறது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, அவர் என்றைக்குச் சொன்னார். ஆனால் அன்றிலிருந்து வேளைக்கு வேளை 'ஒடம்பு எப்பிடி இருக்குது' என்று என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். வெங்காயம் உரித்துக் கண் கலங்கினால்கூட, ஆஸ்பத்திரிக்குப் போலாமா என்கிறார். இத்தனை காலம் கழித்துச் சேர்த்து வைத்துக் கேட்கிறார் மனுஷன், தொல்லை தாங்க முடியவில்லை, ஆனாலும் நன்றாகத்தான் இருக்கிறது. நீயும் அவர் வயசு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

அவள் உடம்பு பரவாயில்லை. பாலக்கோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் ரத்தம் பார்த்தோம், பயமில்லை, மூட்டு வலி போகக் கொஞ்ச நாளாகும் என்றார்கள். தலைமுடிதான் கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. ஊர்தான் சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. தலை ஆடிக்குப் புதுப்பெண் பெற்றவள் வீட்டில் இருக்க வேண்டும், இங்கே தலைகீழாக மாமியார் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாளே என்று அடுத்த வீட்டு சுகுணா கேட்டே விட்டாள், 'ஏக்கா, ஆடியில மருமவள ஆராச்சும் வூட்ல வெச்சிருப்பாங்களா' என்று. பிரித்து வைக்கத்தானே ஆடி, இங்கேதான் பையனே இல்லையே, அவங்கதான் பிரிஞ்சு இருக்கறாங்களே என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். வந்த பிறகு நான் சொன்ன வார்த்தையே என்னைப் போட்டு அறுத்தது. நல்ல நாளில் என் வாயில் ஏன் அப்படி வந்தது என்று மாரியம்மனுக்கு ஒரு விளக்கு போட்டுவிட்டு வந்தேன்.

அவள் பென்னாகரம் போகாததற்கும் காரணம் இருக்கிறது. அவள் தங்கச்சி கலைமதிக்குக் கடத்தூரில் மாப்பிள்ளை பேசி முடித்திருக்கிறார்கள், ஆவணியில் நிச்சயம். இந்த நேரத்தில் பெரியவள் பையைத் தூக்கிக்கொண்டு தனியாக வந்து நின்றால் கடத்தூர்க்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்று அவளுக்குப் பயம். அதனால் அவள் அம்மா போன் பண்ணினால் பூனாவில் இருப்பதாகவே பேசுகிறாள். முந்தாநாள் பேசிக்கொண்டிருக்கும்போது நம் மாடு ஓங்கிக் கத்திவிட்டது. அது என்ன சத்தம் என்று அந்தம்மா கேட்க, டிவிங்கம்மா என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. நீ என்னிடம் பொய், அவள் அவளைப் பெற்றவளிடம் பொய், நான் உன்னிடம் பொய். சம்பந்தியம்மா எனக்கும் போன் பண்ணினார்கள். ஆடிப் பதினெட்டுக்கு மாப்பிள்ளையும் பொண்ணும் பூனாவிலிருந்து வருகிறார்களா, ஒகேனக்கல் போய் ஆற்றில் குளித்துவிட்டு வந்து விருந்து வைக்க வேண்டும் என்று ஆசையாகக் கேட்டார்கள். வருவாங்க என்று சொல்லிவிட்டேன். சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ வராவிட்டால் நான் அந்தம்மா முகத்தில் எப்படி விழிப்பேன்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. இங்கே மாரண்டஹள்ளியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் தேவைப்படுகிறதாம். கல்யாணத்துக்கு முன்னால் அவள் பார்த்த வேலைதானே. 'சேந்துக்கலாமான்னு இருக்கறேன் அத்த' என்று நேற்று ரேஷன் அரிசியைப் புடைத்துக்கொண்டே சொன்னாள். வேலைக்குப் போவது நல்லதுதான், நான் தடுக்கவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தால் வருஷம் முழுக்க வர வேண்டும் என்பார்கள். அவள் அதைத் தெரிந்துகொண்டேதான் சொல்கிறாள். கோபத்தில் சொல்லியிருந்தால் எனக்குப் பயமில்லை, கோபம் ஆறிவிடும். அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன், இதை நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. ஆடி ஒன்றாம் தேதி வழக்கம்போல் தேங்காய் சுட்டோம். உள்ளே பொட்டுக்கடலை, வெல்லம், எள் எல்லாம் அவள்தான் போட்டு அடைத்தாள், குச்சியை அவள்தான் பிடித்துக்கொண்டு நெருப்பில் திருப்பினாள். ஓடு படாரென்று வெடித்ததும் பயந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், வந்த பிறகு அன்றைக்குத்தான் சிரித்தாள். உடைத்துப் பங்கு வைக்கும்போது நாலாவதாக ஒரு பங்கை எடுத்து வைத்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டில் இருப்பது மூன்று பேர்தானே. அப்புறம் அதைக் காகிதத்தில் மடித்து பிரிட்ஜ் மேல் வைத்தாள். அது காய்ந்துபோய் இன்னும் அங்கேயே இருக்கிறது, அவளும் எடுத்துப் போடவில்லை, நானும் தொடவில்லை.

அதனால் வா. வேலையை விட்டுவிட்டு வரச் சொல்லவில்லை, சூப்பர்வைசர் காலில் விழுந்தாவது லீவு வாங்கிக்கொண்டு பதினெட்டுக்கு முன்னால் வா. ஆனால் இந்தத் தடவை என் பிள்ளையாக வராதே. அவளைப் பெற்றவளுக்குத் தெரியாமல் அந்தம்மா இடத்தில் இப்போது நான் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் மாமியார் வீட்டுக்குப் பெண்ணை அழைக்க வருகிற மாப்பிள்ளையாக வா. வெற்றிலை பாக்கு, பழம், பூ எல்லாம் மாரண்டஹள்ளியிலேயே கிடைக்கும், வாங்கிக்கொண்டு வா. செருப்பை விசிறிவிட்டு நேராக அடுப்படிக்குள் நுழைந்து என்ன குழம்பு என்று பானையைத் திறக்காதே. வாசலில் நில். அப்பாவிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், அவரும் உன்னை உள்ளே கூப்பிடமாட்டார், நானும் கூப்பிடமாட்டேன். கூப்பிட வேண்டியவள் கூப்பிடட்டும். ஒரு வார்த்தை வராதா என்று நீயும் கொஞ்ச நேரம் அங்கே நின்று பார்.

மூன்று வேளையும் சாப்பிடு, பட்டினியோடு ஷிப்டுக்குப் போகாதே. அங்கே கொசு அதிகம், தண்ணீர்த் தொட்டியை மூடி வை, உனக்கும் காய்ச்சல் வந்துவிடப்போகிறது என்று அவள்தான் நேற்று சொன்னாள். ரயிலில் படிக்கட்டுப் பக்கம் நிற்காதே, ஓசூரில் இறங்கியதும் போன் பண்ணு. மாரியம்மன் உனக்குத் துணையிருந்து நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். மறக்காதே, அந்த மராட்டிக்காரம்மாவிடம் சொல்லிக்கொண்டு புறப்படு.

இப்படிக்கு,
இந்த ஆடி முடியும் வரை உன் மாமியார்,
மா. பாஞ்சாலி