பஞ்சு வைத்த டப்பா

அக்கா,

இன்று காலை அலமாரியின் கீழ்த்தட்டைத் துடைக்கும்போது நீலத்தாள் சுற்றிய அந்தப் பஞ்சுச் சுருள் கையில் அகப்பட்டது. பாதிதான் இருக்கிறது. மீதியை நீங்கள் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே பிய்த்து எடுத்துக்கொண்டீர்கள். மூக்கருகே கொண்டுபோனேன், ஆஸ்பத்திரி வாசனை அடித்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நம் பழக்கமே ஒரு சத்தத்தில் தொடங்கியதுதானே. எச்.ஐ.வி.க்கு மருந்து கொடுக்கும் பிரிவின் வாசலில் எல்லோரும் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தோம். நான் எழுந்ததும் பைக்குள் மாத்திரை டப்பா கலகலவென்றது. பக்கத்திலிருந்த நீங்கள் சிரிக்காமல் கேட்டீர்கள்: "ஏனம்மிணி, பையில கொலுசு வெச்சிருக்கியா? ஊருக்கே கேக்குதே." அந்த இடத்தில் ஒருவர் என்னைச் சிரிக்க வைப்பார் என்று நான் நினைத்ததே இல்லை. வெளியே வந்து பஞ்சு வாங்கி, டப்பாவுக்குள் எப்படி அடைப்பது என்று காட்டிக்கொடுத்தீர்கள். அன்று கணபதியில் என் வீடு வந்து சேரும்வரை என் பை வாயைத் திறக்கவில்லை.

உங்கள் ஊர் வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் திருப்பூர் இருக்க, நீங்கள் அத்தனை தூரம் கோயமுத்தூருக்கு வந்தது தெரிந்த முகம் எதிரே வந்துவிடக் கூடாது என்றுதான். வீட்டில் தைராய்டு என்று சொல்லிவைத்திருந்தீர்கள். நான் மோட்டாருக்குக் கம்பிக் காயில் சுற்றும் பட்டறையிலும் அதே தைராய்டுதான். நம் இருவருக்கும் வீட்டுக்காரர்கள் போய்ச் சேர்ந்த பிறகுதான் விஷயமே தெரிந்தது. அவர்கள் மருந்தே எடுக்காமல் போனவர்கள். டாக்டரம்மா நம்மிடம் தெளிவாகச் சொன்னார்: "நேரத்தோட ஆரம்பிச்சு, ஒரு நாளும் விடாம மாத்திரை போட்டா, மத்தவங்க ஆயுசுக்குக் கிட்டத்தட்ட நீங்களும் இருக்கலாமுங்க. நிறுத்தினாத்தான் ஆபத்து." நீங்கள் உடனே, "அப்ப என்ர பேரன் கலியாணத்துக்கு நானே பந்தி பரிமாறோணும்" என்றீர்கள். மகனுக்கே அப்போது கல்யாணம் ஆகியிருக்கவில்லை.

பிறகு உங்கள் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. "கிருமி தெரியலீங்க அக்கா. ரொம்ப நல்லது. இப்படியே விடாம மாத்திரை போட்டு வாங்க" என்றார் கவுன்சிலர். நீங்கள் முதல் இரண்டு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தீர்கள். டீக்கடையில் என் தோளைத் தட்டிக் கேட்டீர்கள்: "எங்க கெணத்துல எட்டிப் பாக்கறப்ப தண்ணி தெரியலீன்னா, தண்ணி இல்லீன்னுதான கண்ணு அர்த்தம்?"

"அதை உள்ளயே கேட்டிருக்கலாமில்லீங்க்கா" என்றேன்.

"கேட்டா, பட்டிக்காடுன்னு நெனச்சுக்குவாங்க."

வழக்கமான உங்கள் கிண்டல் என்று நானும் சிரித்தேன். இப்போது அந்த டீக்கடையில் நான் நிற்பதில்லை.

அந்தச் சமயத்தில்தான் மகன் கல்யாணமும் கூடிவந்தது. வருகிற மருமகள் மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்த்தவள். "டப்பாவப் பாத்தாப் போதும், அந்தப் புள்ள பேரப் படிச்சுப்போடுவா" என்றீர்கள். லேபிளைக் கிழித்தீர்கள். டப்பா அரிசி டிரம்முக்குப் போயிற்று, அங்கிருந்து தோட்டத்து மோட்டார் ரூமுக்குப் போயிற்று. கல்யாணத்துக்குப் பிறகு அது எங்கே போயிற்று என்று நீங்கள் சொல்லவில்லை.

ஆனால் மருந்து வாங்க வருவதை மட்டும் விடவில்லை. ஒவ்வொரு முறையும் உடம்பில் கொஞ்சம் குறைந்து வந்தீர்கள். ஜாக்கெட்டில் ஒரு பக்கம் ஊக்கு வந்தது, அடுத்த முறை மறுபக்கமும். வாயெல்லாம் புண் என்று பன்னை டீயில் ஊறவைத்துத் தின்றீர்கள். இருமலைச் சளி என்றீர்கள். "மாத்திரை போடறீங்கதானுங்க்கா?" என்று கேட்டேன். "இங்க பாரு" என்று பையை என் காதருகே ஆட்டினீர்கள். சத்தம் வரவில்லை. பஞ்சு அடைத்த டப்பா நிறைந்திருந்தாலும் காலியாக இருந்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

வார்டில் உங்களைப் பார்த்தபோது அடையாளமே தெரியவில்லை. காசநோய் மூளை வரைக்கும் போய்விட்டது என்றார்கள். அன்று கொஞ்ச நேரம் நினைவு தெளிவாக இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள்: "கெணத்துல கொட்டிப்போட்டேன் கண்ணு. அதான் இல்லீன்னு ஆயிருச்சேன்னு. வாங்க வராட்டி ஊட்டுக்குப் போன் பண்ணுவாங்கன்னு வந்து வாங்கிட்டு மட்டும் போனேன்." டாக்டரம்மா அங்கேதான் நின்றிருந்தார். "கிருமி எங்கயும் போகலீங்கம்மா. மாத்திரைதான் அதை அடக்கி வெச்சிருந்துச்சு. கொஞ்சம் முன்னாடி சொல்லியிருந்தா மறுபடி அடக்கியிருக்கலாம்" என்றார். நீங்கள் மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஊத்துக்கண்ணு அடியிலயேதான் இருந்திருக்குது பாரு" என்றீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் பேசியது எதுவும் எனக்குப் புரியவில்லை.

எழவுக்கு வந்தேன். பஸ்ஸில் பழக்கம் என்று சொல்லிக்கொண்டேன். வீட்டுக்குப் பின்னால் போய் அந்தக் கிணற்றை எட்டிப் பார்த்தேன். உள்ளே இருட்டுதான் இருந்தது, தண்ணீர் தெரியவில்லை. பின்னாலேயே உங்கள் மருமகள் வந்து நின்றாள்.

"தைராய்டுக்குச் சாவாங்களாங்க்கா?" என்றாள். நான் கிணற்றுப் பக்கமே திரும்பிக்கொண்டேன்.

"நான் இங்க வந்த மாசமே எனக்குத் தெரியுமுங்க. லேபிளக் கிழிச்சாலும் டப்பா தெரியாதுங்களா? எங்க கடையிலயும் ஒருத்தரு இதே மாத்திரை வாங்குவாரு. கேட்டா அத்தை சங்கடப்படுவாங்கன்னு கேக்காமயே இருந்துட்டனுங்க. ஒழுங்காப் போடறாங்கன்னுதான் நெனச்சேன்."

அவள் அழுத அழுகையை நான் இன்னும் மறக்கவில்லை அக்கா. யாருக்குப் பயந்து நீங்கள் டப்பாவை ஒளித்து ஒளித்து வைத்தீர்களோ, அவள் உங்கள் மரியாதையைக் காப்பாற்றவே வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். உங்கள் மேல் எனக்கு அப்போது வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. சங்கடம் வேண்டாமென்று நேராகக் கேட்காமலேயே எல்லோருமாக ஒரு உயிரை விட்டுவிட்டோமே என்று இருக்கிறது.

என் பரிசோதனை முடிவும் ஒவ்வொரு முறையும் "தெரியலீங்க" என்றே வருகிறது. மற்றவர்கள் சந்தோஷப்படும் அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு உங்கள் கிணறு கண்ணில் வருகிறது. உள்ளே கிருமி காத்துக்கொண்டிருக்கிறது. நான் மறந்தாலும் அது மறக்காது. ஆஸ்பத்திரி பெஞ்சில் யாராவது புதிதாக வந்து, "அப்ப நிறுத்திப்போடலாமுங்களா?" என்று கேட்டால் ஊற்றுக்கண்ணைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் பேரைச் சொல்வதில்லை.

நீங்கள் இறந்த வாரமே டப்பாவிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டேன். இப்போது மறுபடியும் கலகலக்கிறது. போன மாதம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரம்மா, "ஏனுங்க, பையில என்னுங்க சத்தம்?" என்றார்.

"மாத்திரைங்க."

"எதுக்குங்க?"

தைராய்டு என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "உசுரோட இருக்கறதுக்குங்க" என்றேன். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பையை மடியில் வைத்து, கணபதி ஸ்டாப் வரும்வரை அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தேன்.