அஞ்சாவது முழுக்கு

கத்தரிக்கோலும் கையுமா, முகத்தை உம்முன்னு வச்சிக்கிட்டு கடையில உட்கார்ந்திருக்கிற என் வீட்டுக்காரருக்கு, ஆத்தங்கரையிலிருந்து உங்க சம்சாரம் வணக்கத்தோட எழுதுறது.

நானும் உங்க அக்காவும் சௌக்கியமா வந்து சேர்ந்தோம். போன்ல சொல்லலாம்னா, அக்கான்னு ஆரம்பிச்சதுமே கட் பண்றீங்க. கடுதாசியை அப்படிப் பண்ண முடியாது. கிழிச்சுப் போட்டாலும் ஒட்டவச்சுப் படிக்கிற ஆள் நீங்க.

இந்த ஊருக்கு என்ன வயசுன்னு ஆளுக்கொரு கணக்கு சொல்றாங்க. கல்படியெல்லாம் கடைசி நாள் சோப்பு மாதிரி தேஞ்சு கிடக்கு. சந்துல எதிரெதிரே ரெண்டு குடை வந்தா ஒண்ணு மடங்கணும். ஆறு தெரியும்னு சொல்லித்தான் லாட்ஜ்காரர் ரூம் குடுத்தார். ஜன்னலைத் திறந்தா பக்கத்து வீட்டுச் சுவர். கேட்டதுக்கு, மொட்டை மாடியில நின்னு எட்டிப் பாருங்கம்மான்னுட்டார். பார்த்தேங்க. மூணு நாளைக்கு ஒருதடவை குழாயில நூல் மாதிரி வர்ற தண்ணியையே பார்த்தவளுக்கு, இவ்வளவு தண்ணி அது பாட்டுக்குப் போறதைப் பார்த்து வாயடைச்சுப் போச்சு. அதைப் பார்க்க நீங்க குடுத்து வைக்கலை.

நேத்து படகுக்காரர் சட்டையில தோள்பட்டைத் தையல் பிரிஞ்சு தொங்குச்சு. என் கை சும்மா இருக்குமா? படகுலயே வாங்கித் தச்சுக் குடுத்தேன். மனுஷன் மனசு குளிர்ந்துபோய் இன்னொரு சுத்து சும்மாவே கூட்டிப்போனார். உங்க அக்கா தையலைத் தடவிப் பார்த்து, யார் சொல்லிக்குடுத்ததுன்னு கேட்டாங்க. தெரிஞ்சேதான் கேட்டாங்க. யாரோ ஒரு முசுடுன்னேன். சிரிச்சுட்டாங்க.

உங்க மேலயும் தப்பு இருக்குங்க. அக்கா பொண்ணு கல்யாணத்துக்கு ரவிக்கை தைக்கிறப்போ, அளவு எடுங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்? நான் பார்த்து வளர்ந்த பொண்ணு, எனக்கெதுக்கு டேப்புன்னீங்க. ரெண்டு வருஷத்துக்கு முந்தின அளவுல வெட்டினீங்க. முகூர்த்த நேரத்துல கொக்கி மாட்டலை. பதறிப்போய் உங்க அக்கா, இனிமே தலையணை உறை மட்டும் தைடான்னு சபையில சொல்லிட்டாங்க. அன்னையிலிருந்து மூணு வருஷமா பேச்சு இல்லை. நம்ம கடையில தலையணை உறை தைக்கிறதும் இல்லை.

இன்னைக்குக் காலையில குளிக்கப் போனோம். வராதவங்க பேர்ல ஒரு முழுக்குப் போடலாம்னு படியில யாரோ சொன்னாங்க. உங்க அக்கா மூக்கைப் பிடிச்சிக்கிட்டு இறங்கினாங்க. அவங்க பேர் சொல்லி முங்க முங்க, நான் படியில நின்னு எண்ணினேன். அவங்களுக்கு ஒண்ணு, தவறிப்போன உங்க மாமாவுக்கு ஒண்ணு, பொண்ணுக்கு ஒண்ணு, மாப்பிள்ளைக்கு ஒண்ணு. முடிஞ்சுதுன்னு துண்டை நீட்டினா, வாங்காம, பேர் சொல்லாம அஞ்சாவதா ஒண்ணு முங்கினாங்க. அதுதான் ரொம்ப நேரம். பயந்தே போயிட்டேன். ஏறி வந்ததும் யாருக்குன்னு கேட்டேன். தலையைத் துவட்டிக்கிட்டே, எல்லாம் அந்த டெய்லருக்குத்தான்னு சொல்லிட்டு விறுவிறுன்னு நடந்துட்டாங்க.

வெள்ளிக்கிழமை காலையில அவங்க இங்கேயிருந்தே ரயில்ல போய், பிளேன் ஏறிப் பொண்ணுகிட்டப் போறாங்க. கடல் தாண்டி, இனிமே அங்கேதான். திரும்பி வருவீங்களான்னு கேட்டா, முட்டிவலியைப் பத்திப் பேசுறாங்க.

நம்ம தெரு லேத் பட்டறைக்காரரும் இங்கேதான் வந்திருக்கார், இன்னைக்கு ஊர் திரும்புறார். இதை அவர் கையில குடுக்கிறேன், செவ்வாய்க்கிழமை உங்களுக்குக் கிடைச்சுடும். அன்னைக்கே ரயில் ஏறினா வியாழக்கிழமை காலையில இங்கே. ஸ்டேஷன்ல நான் நிப்பேன். அவங்ககிட்ட ஒண்ணும் சொல்லலை. நீங்க வராம போயிட்டா எனக்கு மட்டும் தெரிஞ்சதா இருக்கட்டும்.

வந்தா என்ன பேசுறதுன்னு யோசிக்காதீங்க. ஒண்ணும் பேச வேண்டாம். அவங்க பெட்டி ரொம்ப கனம், எங்க ரெண்டு பேரால தூக்க முடியாது. ரயில்ல ஏத்திவிடுங்க, அது போதும்.

நல்லா இருங்க. இங்கே வந்து நல்லா இருங்க.

இப்படிக்கு,
பட்டனுக்குக் காஜா எடுத்தே கண்ணு பூத்துப்போன
உங்க வீட்டுக்காரி