பெரிய பைக் இப்போதைக்கு இல்லை

அன்புள்ள அப்பாவுக்கு,

மாதாவின் துணையால் இங்கே சுகம். உங்கள் இருமல் குறைந்ததா? எழுத்துக் கோணலைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல் போர்டோடு சின்ன பைக்கை விபத்தில்லாமல் ஓட்டினால், டெஸ்ட் பாஸ் பண்ணிப் பெரிய பைக் எடுக்கும்போது இன்சூரன்ஸ் கட்டணத்தில் கழிவு கிடைக்கும் என்று எழுதியிருந்தேன். அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன். போன மாதம் ஈஸ்ட் ஹாமில் ஒரு கார் என் பைக்கை லேசாகத் தட்டிவிட்டது. ஓட்டியவர் எங்கள் கோவிலில் பாட்டுப் படிக்கும் செபமாலைமுத்து அண்ணை.

"எங்கட ஆக்கள்தானே தம்பி, இன்சூரன்சுக்குச் சொல்லாதை. நான் திருத்தித் தாறன்" என்றார்.

கழிவு போகாமல் தப்பும் என்று நானும் பேசாமல் இருந்தேன். அவரோ மறுநாளே, நான்தான் வந்து இடித்தேன் என்று தன் இன்சூரன்ஸ் கொம்பனிக்கு அறிவித்துவிட்டார். விபத்தை மறைத்ததாகச் சொல்லி என் கொம்பனி இன்சூரன்சையே நிறுத்திவிட்டது. பைக்கில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோகும் வேலையும் அதோடு நின்றது.

ஞாயிறு பூசையில் சமாதானம் சொல்லும் நேரம் அவர் என் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். நான் கூப்பவில்லை. கோபத்தில் அல்ல அப்பா.

யாராவது இங்கே வந்தால், முன்னால் பொத்தான் வைத்த பெரிய சட்டை இரண்டு கொடுத்துவிடுங்கள். வலக்கை இன்னும் மேலே எழும்பவில்லை. தலைவழியே போடுகிறது சரிவராது. அம்மா கேட்டால், குளிருக்கு என்று சொல்லுங்கள்.

கதவு தட்டுகிறார்கள், நிறுத்துகிறேன்.

மகன் டெனுசன்