காரின் முன்விளக்கு பற்றி மாமாவுக்கு

மாமா,

பத்து மணிக்கு வயரிங்காரர் வருவார். கார் சாவி ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது. பாலைக் காய்ச்சிவிட்டேன், பாப்பாவுக்கு ஆற்றிக் கொடுங்கள்.

"அன்னைக்கு லைட்டு ஒழுங்கா இருந்திருந்தா என் பொண்ணை நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கலாமே மாப்பிள்ளை" என்று நேற்று கேட்டீர்கள். வெளிச்சம் போதவில்லை என்று அவள் உயிரோடு இருந்தபோதே மூன்று தடவை சொன்னாள். நான் பெரிய பல்பு வாங்கி மாட்டினேன். அந்தச் சூட்டில் விளக்கின் மூடி இன்னும் மங்கியது. அன்று மழையில் சாலை தெரியாமல் ஊர்ந்துதான் போனேன். வயர் துருப்பிடித்ததுதான் கோளாறு என்று வயரிங்காரர் போன வாரம் சொன்னார்.

இன்று வயரையும் மூடியையும் மாற்றிவிடுவார். பாப்பாவை ஊருக்குக் கூட்டிப்போக டாக்ஸிக்கு இப்போதே சொல்லிவிடாதீர்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு வந்து, வண்டியைச் சுவருக்கு எதிரே நிறுத்தி விளக்கைப் போடுகிறேன். நீங்களே பாருங்கள். அப்போதும் என்னை நம்பி பாப்பாவை வண்டியில் ஏற்ற மனம் வரவில்லை என்றால் கூட்டிப்போங்கள். தடுக்கமாட்டேன்.

இன்னொன்று. பாப்பாவின் துணிகளைப் பையில் அடுக்கி வைத்திருந்தீர்கள். விடியற்காலையில் பாதியை எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.